கோடுகளுக்கு மொழி இல்லை

எல்லையோர முதியவரின் மறதியை எந்த மொழியில் அளப்பது? பெங்களூரில் நடக்கும் மூளை ஆராய்ச்சி ஒரு வழியைக் காட்டுகிறது.

களியக்காவிளையைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு அத்தனை சட்டென்று மாறுவதில்லை. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் பல வீடுகளில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்குகின்றன. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. சம்பந்திகள் அந்தப் பக்கம், சகோதரர்கள் இந்தப் பக்கம் என்று குடும்பங்கள் இரண்டு மாநிலங்களிலும் பரவிக் கிடக்கின்றன.

அன்று பள்ளிச் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு இன்று எண்பது வயதை ஒட்டியிருக்கும். எல்லைத் தகராறெல்லாம் அவர்களுக்குப் பழங்கதை. இன்றைய பிரச்னை வேறு. சாவியை எங்கே வைத்தோம், மாத்திரையை விழுங்கினோமா, வந்திருப்பது பெரிய மகனா சின்ன மகனா என்ற குழப்பம். மகனும் மகளும் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்க, பக்கத்து வீட்டார்தான் முதலில் கவனிக்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அறுபது வயதைத் தாண்டியவர்களின் விகிதம் நாட்டிலேயே கேரளத்தில்தான் அதிகம்: 12.6 சதவீதம். தமிழகத்தில் 10.4. நாடு முழுவதற்குமான சராசரி 8.6 மட்டுமே. 2023இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு, அறுபதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. எல்லையின் இரு புறமும் முதுமை முந்திக்கொண்டு வந்திருக்கிறது.

மறதி முற்றும்போது பாறசாலைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் கதி. சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கே டாக்டர் முதலில் செய்வது ஸ்கேன் அல்ல, கேள்வி கேட்பதுதான். இது எந்த வருடம், எந்த மாதம்? மூன்று சொற்களைச் சொல்கிறேன், ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும்? இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டுத்தொகை ஓர் அளவுக்குக் கீழே போனால் சந்தேகம் எழுகிறது.

பேனாவையே பிடித்தறியாத ஒரு பாட்டியிடம் படம் வரையச் சொன்னால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எல்லையோரப் பாட்டிக்கு அதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. "அம்மே, இது ஏது மாசமா?" என்று கேட்டால் அவர் "சிங்ஙம்" என்று சொல்லலாம், "ஆவணி" என்று சொல்லலாம், "ஆகஸ்ட்" என்றும் சொல்லலாம். மூன்றுமே சரியான விடையாக இருக்கக்கூடும். வருடத்தைக் கேட்டால் கொல்லம் ஆண்டைச் சொல்லக்கூடும். 2024 ஆகஸ்டில் கொல்லம் ஆண்டு 1200 பிறந்தது. "ஆயிரத்து இருநூறு" என்ற பதிலைக் கேட்டு, விவரம் தெரியாத ஒரு பயிற்சி டாக்டர் பாட்டிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எழுதிவிட்டால் யாரைக் குறை சொல்வது?

கிழங்கின் படத்தைக் காட்டினால் அது வீட்டில் மரச்சீனி, சந்தையில் கப்பை. எந்தச் சொல்லைச் சொல்லலாம் என்று ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கும் மறதியால் வரும் தயக்கத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது லேசான காரியமல்ல.

மருத்துவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. உலகெங்கும் பயன்படும் ஆடன்புரூக் அறிவாற்றல் சோதனையை 2000இல் கேம்பிரிட்ஜில் வெளியிட்ட குழுவின் முதல் ஆசிரியர் பி.எஸ். மதுரநாத். பின்னர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் பணியாற்றியபோது அதை மலையாளத்துக்குப் பொருந்துமாறு மாற்றி அமைத்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இப்படி ஒரு சோதனைத் தொகுப்பைத் தயாரித்தது. முதலில் வந்த ஐந்து மொழிகள்: இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம். அந்த ஐந்தில் தமிழ் இல்லை. சென்னையிலும் வேலூரிலும் தமிழ் முதியோரிடம் தனியாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் தமிழ்ச் சோதனை, மலையாளச் சோதனை என்று இரண்டையும் கையில் கொடுத்தாலும், இரண்டு மொழியிலும் பாதிப் பாதியாக வாழ்கிறவருக்கு எதை வைப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனைக்கு வந்த 648 மறதி நோயாளிகளை சுவர்ணா அல்லாடி குழுவினர் ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நான்கரை ஆண்டுகள் தாமதமாகவே தலைகாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. ஆக, எல்லையோரத்துக் கலப்புப் பேச்சு மூளைக்கு ஒரு கவசமாக இருந்திருக்கலாம். அதே பேச்சுதான் மருத்துவரின் அளவுகோலைக் குழப்புகிறது.

மொழியே வேண்டாத ஓர் அளவுகோல் கிடைத்தால்?

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையத்தில் சுப்ரதிம் ராய் நடத்தும் ஆய்வுகள் என்னைக் கவர்ந்தது இந்தக் காரணத்தால்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் ஹார்வர்டிலும் பயிற்சி பெற்றுவிட்டுத் திரும்பியவர். அவருடைய கூடத்தில் வந்து உட்காருகிறவரிடம் யாரும் வருடமும் மாதமும் கேட்பதில்லை. தலையில் மின்முனைகள் பதித்த ஒரு தொப்பி. எதிரே ஒரு கணினித் திரை. திரை முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைக் கோடுகள் தோன்றி மறைகின்றன. பவானி ஜமுக்காளத்தின் நிறத்தை எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. வந்தவர் நடுவில் உள்ள புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

மூளை மின்சாரத்தால் பேசுகிறது. ஒரு நரம்பணுவின் குரல் மண்டையோட்டைத் தாண்டி வெளியே கேட்காது. லட்சக்கணக்கான அணுக்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து பாடினால் மட்டும் உச்சந்தலையில் மெல்லிய மின் அலையாகத் தெரியும். இதை மனிதர்களிடம் முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகர டாக்டர் ஹான்ஸ் பெர்கர். 1929இல் அவர் வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதே பரிசோதனையைச் செய்து உறுதிப்படுத்திய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. பெர்கர் கண்ட முதல் தாளம் எளிமையானது. கண்ணை மூடினால் விநாடிக்கு சுமார் பத்து முறை ஏறி இறங்கும் அலை ஓங்குகிறது. கண்ணைத் திறந்தால் அடங்குகிறது. அதற்கு ஆல்ஃபா என்று பெயர்.

ராய் தேடுவது அதைவிட வேகமான காமா தாளத்தை. விநாடிக்கு இருபதிலிருந்து எழுபது முறை வரை துடிப்பது. 1989இல் ஜெர்மனியில் சார்லஸ் கிரேயும் வுல்ஃப் சிங்கரும் பூனையின் பார்வைப் புறணியில் சுமார் 40 துடிப்பு வேகத்தில் அணுக்கள் ஒத்திசைவதைக் கண்டார்கள். ஒரு பூவின் நிறம், வடிவம், அசைவு என்று மூளையின் வெவ்வேறு மூலைகளில் பதிவாவதையெல்லாம் இந்தத் தாளம்தான் ஒன்றாகக் கட்டிப் பூவாக நமக்குத் தருகிறது என்ற கருத்து அதிலிருந்து எழுந்தது. அழகான கருத்து. பல ஆண்டுகள் விஞ்ஞானிகளை மயக்கியது.

அதன் மேல் ஒரு கேள்விக்குறி போட்டவர்களில் ராயும் ஒருவர். ஹார்வர்டில் ஜான் மான்செலுடன் சேர்ந்து 2010இல் அவர் வெளியிட்ட ஆய்வு, குரங்கின் மூளையில் காமா தாளத்தின் வேகம் காட்சியின் துலக்கத்துக்கு ஏற்ப மாறுகிறது என்று காட்டியது. கறுப்பு வெள்ளை வேறுபாடு கூடினால் தாளம் விரைகிறது, மங்கினால் தளர்கிறது. ஒரே படத்தில் ஓரிடம் துலக்கமாகவும் பக்கத்திடம் மங்கலாகவும் இருந்தால் இரண்டு இடத்துக்கும் இரண்டு வேகம். இரண்டு மத்தளக்காரர்கள் இரண்டு வேகத்தில் அடித்தால் பாட்டு எப்படிச் சேரும்?

காமா எதையும் கட்டிப்போடாமல் இருக்கலாம். ஆனால் மூளையின் சுற்றுகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் காட்டும் நாடித்துடிப்பாக அது இருக்க முடியும். பெங்களூரில் அடுத்தடுத்து வந்த முடிவுகள் அந்தத் திசையில் போயின. 2018இல் மூர்த்தியும் ராயும் அவர்கள் குழுவினரும் பெரிய கோட்டுப் படங்களைக் காட்டும்போது ஒன்றல்ல, இரண்டு காமா தாளங்கள் எழுவதைக் கண்டார்கள்: ஒன்று மெதுவானது, ஒன்று வேகமானது. அதே ஆண்டில் இன்னொரு வியப்பு. கோடே இல்லாமல் வெறும் சிவப்பு நிறத்தைத் திரை முழுக்கக் காட்டினாலே குரங்கின் பார்வைப் புறணியில் காமா மிக வலுவாக எழுகிறது. மற்ற நிறங்களுக்கு அத்தனை இல்லை.

2020இல் வந்தது நம் கதைக்கு வேண்டிய ஆய்வு. பெங்களூரைச் சேர்ந்த, ஐம்பதிலிருந்து எண்பத்தெட்டு வயது வரையுள்ள ஆரோக்கியமான 236 பேருக்கு இந்தக் கோடுகளைக் காட்டினார்கள். வயது கூடக்கூடக் காமாவின் வலு குறைந்தது, வேகமும் தளர்ந்தது. வேகமான காமாவில்தான் சரிவு கூடுதல். பெர்கரின் பழைய ஆல்ஃபாவின் வலு மட்டும் அப்படிக் குறையவில்லை. மறு ஆண்டு இன்னொரு அடி. லேசான மறதிக் குறைபாடும் அல்சைமர் நோயும் இருந்தவர்களை, அதே வயதுள்ள, அதே பாலினத்து ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டபோது, நோயுற்றவர்களின் காமா மேலும் பலவீனமாக இருந்தது.

ஒரு சொல்கூடப் பேசாமல் கிடைத்த தகவல் இது. தமிழிலா மலையாளத்திலா என்ற கேள்வி இல்லை. பள்ளிக்கூடம் போனீர்களா என்ற கேள்வியும் இல்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில்தான் பாலராமபுரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராமவர்மா மகாராஜா தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்திய சாலியர்களின் நெசவூர். வாழ்நாள் முழுவதும் குழித்தறியில் நூலையும் கரையையும் பார்த்துப் பழகிய ஒரு முதியவருக்கு, நூறிலிருந்து ஏழைக் கழிப்பதைவிட இது எளிது.

உடனே எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரு தொப்பி வாங்கிவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். தடைகள் இருக்கின்றன.

முதல் தடை கண். கண்புரை விழுந்தவருக்குக் கோடுகள் மங்கலாகத் தெரியும். காட்சி மங்கினால் காமா தளரும் என்பது 2010லேயே தெரிந்த விஷயம். குறைந்திருப்பது கண்ணாலா, மூளையாலா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டாவது, ஆய்வில் இருந்த நோயாளிகள் மிகச் சிலரே. ஒரு குழுவின் சராசரி இன்னொரு குழுவின் சராசரியைவிடக் குறைவு என்று சொல்வது ஒன்று. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் "உங்களுக்கு நோய் தொடங்கியிருக்கிறது" என்று சொல்வது வேறொன்று. ஆரோக்கியமானவர்களிலேயே சிலருக்குக் காமா பலமாகவும் சிலருக்கு மெலிந்தும் இருக்கிறது.

இதற்கு விடையின் ஒரு நுனியும் அதே கூடத்திலிருந்து வந்திருக்கிறது. 2022இல் வெளியான ஆய்வில், ஓராண்டு இடைவெளிவிட்டு அதே முதியவர்களை மீண்டும் அழைத்துச் சோதித்தார்கள். ஒவ்வொருவருடைய காமாவும் பெரும்பாலும் தன் பழைய வடிவத்தையே காட்டியது, கைரேகை மாதிரி. அப்படியானால் ஊர்ச் சராசரியோடு ஒருவரை ஒப்பிடுவதைவிட, அவரை அவரோடு ஒப்பிடுவதே நியாயம். ஐம்பத்தைந்து வயதில் ஒரு பதிவு, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. இரத்த அழுத்தத்தைக் குறித்துவைப்பதுபோல. சரிவு சட்டென்று தெரிந்தால் அப்போது விரிவாகப் பார்க்கலாம். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் மூளைக்கு வெளியே கட்டிய இரத்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரும். அவற்றையெல்லாம் "வயசானா அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுவதால் இழப்பது அதிகம். சரிசெய்ய முடியாத நோயாகவே இருந்தாலும், சொத்துப் பத்திரம், பென்ஷன், யார் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் முதியவர் தன் வாயாலேயே சொல்ல அவகாசம் கிடைக்கும். அது சின்ன விஷயமா?

இங்கே இன்னோர் ஆசையும் குறுக்கே வருகிறது. காமா குறைவதுதான் பிரச்னை என்றால், வெளியிலிருந்து அதைத் தூண்டிவிட்டால் என்ன? 2016இல் அமெரிக்காவின் எம்ஐடியில் லி-ஹுவே சாய் குழுவினர் விநாடிக்கு 40 முறை மினுங்கும் விளக்கை அல்சைமர் தன்மை ஏற்றப்பட்ட எலிகளுக்குக் காட்டினார்கள். நோயோடு தொடர்புடைய புரதம் பார்வைப் புறணியில் குறைந்ததாக அறிவித்தார்கள். உலகமே பரபரத்தது. மனிதர்களிடமும் சோதனைகள் தொடங்கின. ஆனால் 2023இல் நியூயார்க்கில் யோர்க் புஜாகியின் கூடம் அதையே செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. விளக்கின் மினுக்கல் மூளையின் இயல்பான காமாவை உண்மையில் எழுப்புவதில்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். விஞ்ஞானம் இப்படித்தான் நடக்கும்: ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்ப்பார்.

வியாபாரத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. 40 துடிப்பு விளக்குகள் இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. வெளிநாட்டுப் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பெட்டியில் வலி தைலத்தோடு இதுவும் ஒரு நாள் வந்து இறங்கும். மினுங்கும் ஒளி எல்லோருக்கும் விளையாட்டல்ல. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து, பெரும்பாலும் குழந்தைகளாக 600க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். காமாவை எழுப்பும் பட்டைக் கோடுகளே, வலிப்புக்கு உள்ளாகும் தன்மை கொண்ட சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடியவை என்பதையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது அளக்கப் பயன்படும் பொருள் வேறு. படுக்கையறையில் வைத்துக்கொள்ளும் வைத்தியம் வேறு. அளவுகோலாக அது பாதி வழி வந்திருக்கிறது. மருந்தாக அது இன்னும் நிரூபணத்துக்காகக் காத்திருக்கிறது.

மீதி வழியைக் கடக்க என்ன வேண்டும்? பெங்களூரில் கோடுகளைப் பார்த்தவர்கள் நகரவாசிகள். மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரம் கிராமங்களிலும் முதியவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து வருகிறது. கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர்கள் அவை. அப்படி ஓர் ஏற்பாடு தென்கோடியிலும் வரக்கூடாதா? பாறசாலையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஸ்ரீ சித்ரா இருக்கிறது. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட நிறுவனம். மூளையின் மின் அலைகளைப் படிப்பதில் தேர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வலிப்பு நோய் சிகிச்சைக்காகக் குமரி மாவட்டத் தமிழர்களும் அங்கே போய் வருகிறார்கள். வீடு வீடாகப் போய் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் சுகாதார ஊழியர்கள் கேரளக் கிராமங்களில் இருக்கிறார்கள். இரண்டு மொழி பேசும் முதியவர்களும் வேண்டிய அளவு இருக்கிறார்கள். கேள்வித்தாள் சோதனையையும் கோட்டுச் சோதனையையும் ஒரே ஆட்களிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

1969இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. மனு கொடுக்க மொழி உரிமை உண்டு. மறதிக்கு வைத்தியம் பார்க்கும்போது அந்த உரிமையை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? ஆராய்ச்சி முழுமை பெறச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை செய்யக்கூடியது செலவில்லாதது. கேள்வி கேட்கிற டாக்டர் பக்கத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை உட்கார வைக்கலாம். ஆவணி என்றாலும் சிங்ஙம் என்றாலும் மதிப்பெண் போடலாம்.